1,500 எ.வோ. மங்கலான டிடெக்டரை வைத்து 0.45 எ.வோ. பேசுவது எப்படி?

#1 — தேன்சிட்டு

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கருத்தரங்குக்காக கேட்ரின் சோதனையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக நகர முடியவில்லை. (எலக்ட்ரான்வோல்ட்டை எ.வோ. என்றும் அதன் ஆயிரம் மடங்கைக் கி.எ.வோ. என்றும் சுருக்குகிறேன்.)

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் நடக்கும் சோதனை இது. ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் பீட்டாச் சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல், எல்லையான 18.6 கி.எ.வோ.வுக்கு அருகில் எப்படித் தேய்கிறது என்று பார்த்து நியூட்ரினோவின் நிறையைக் கணிக்கிறார்கள். 2025-இல் வெளியான முடிவு: 259 நாள் அளவீடு, 3.6 கோடி எலக்ட்ரான்கள், நிறை 0.45 எ.வோ.வுக்கும் கீழே (90% நம்பக மட்டம்).

ஆனால் கடைசியில் எலக்ட்ரானைப் பிடிக்கும் சிலிக்கன் டிடெக்டரின் பிரிதிறன் ஒன்றரை கி.எ.வோ. அளவில்தான் இருக்கிறது. பாடத்தில் படித்த விதி ஒன்று உண்டு: கணக்கில் சேராத ஆற்றல் மங்கல் சிக்மா (திட்ட விலக்கம்) அளவுக்கு இருந்தால், நிறை வர்க்கம் அந்தச் சிக்மா வர்க்கத்தின் இரு மடங்கு எதிர்க்குறியில் நகரும். ஒன்றரை கி.எ.வோ. முழு அகலம் என்றால் சிக்மா ஏறத்தாழ 640 எ.வோ. அதன் வர்க்கம் நான்கு லட்சம், இரு மடங்கு எட்டு லட்சம். எட்டு லட்சம் எங்கே, 0.45-இன் வர்க்கமான 0.2 எங்கே? இதில் நூற்றில் ஒரு பங்கு தவறாகத் தெரிந்திருந்தாலும் சோதனை முழுகிப்போகாதா? எங்கே தவறு செய்கிறேன்?

#2 — குறைகடத்தி

தங்கையே, கணக்கில் தவறில்லை. தவறான ஆளிடம் கணக்குக் கேட்கிறீர்கள். கேட்ரினில் ஆற்றலை அளப்பது டிடெக்டர் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் நிறமாலைமானி.

23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் குறுக்களவும் கொண்ட வெற்றிடக் கலம் அது. எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றியபடி உள்ளே வருகின்றன. புலம் 4.2 டெஸ்லாவிலிருந்து கலத்தின் நடுவில் 0.63 மில்லிடெஸ்லாவாகத் தளர்கிறது. தளரத் தளர, சுற்றுவதில் இருந்த ஆற்றல் நேராக முன்னேறும் ஆற்றலாக மாறுகிறது. அப்படி நேராக்கப்பட்ட எலக்ட்ரானுக்கு எதிரே 18 ஆயிரத்துச் சொச்சம் வோல்ட் தடை நிற்கிறது. தடையைவிட ஆற்றல் கூடியது தாண்டும், குறைந்தது திரும்பிப் போகும். வடிகட்டியின் கூர்மை இந்த இரு புலங்களின் விகிதம்தான்: 18,600 எ.வோ.வை 0.00063-ஆல் பெருக்கி 4.2-ஆல் வகுத்தால் 2.8 எ.வோ. வரும்.

சல்லடையில் சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மணியின் பருமனை முடிவு செய்வது சல்லடைக் கண். கீழே உட்கார்ந்து விழுந்த மணிகளை எண்ணுபவருக்குக் கண்பார்வை மங்கலாக இருந்தால் என்ன? விழுந்தது மணிதான், கல் அல்ல என்று தெரிந்தால் போதும். டிடெக்டர் அந்த எண்ணுபவர். தடை மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் எத்தனை விழுந்தன என்று எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் எட்டு லட்சம் அதில் நுழைய வழியே இல்லை.

#3 — முள்ளம்பன்றி

அப்படியானால் ஒரு கேள்வி. டிடெக்டர் வெறும் எண்ணும் பொம்மை என்றால், இந்தச் சோதனையின் ஒவ்வொரு ஆய்வேட்டிலும் 'டிடெக்டர் சார்ந்த முறையான பிழைகள்' என்று ஓர் அத்தியாயம் எதற்கு? பக்கம் நிரப்பவா? 148 பிக்சல் எதற்கு? எண்ணுவதற்கு ஒரு பெரிய சில்லு போதாதா?

#4 — குறைகடத்தி

முள்ளம்பன்றி ஐயா வந்துவிட்டார், இனி இழை நீளும்.

பிக்சலை முதலில் முடித்துவிடுகிறேன். வட்டமான ஒரே சில்லில் 12 வளையங்கள், வளையத்துக்கு 12 துண்டு, நடுவில் 4. ஆக 148, எல்லாம் ஒரே பரப்பளவு. பத்து மீட்டர் அகலக் கலத்தின் நடுவில் தடை மின்னழுத்தமும் காந்தப்புலமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தப் பிக்சலில் விழுந்தது என்று தெரிந்தால் எலக்ட்ரான் கலத்தில் எந்த வழியாக வந்தது என்று தெரியும். அதற்கேற்ற தடை மதிப்பை அதற்குப் போடலாம். முதல் அளவீட்டில் நிழல் விழுந்தவற்றையும் இரைச்சல் கூடியவற்றையும் ஒதுக்கிவிட்டு 117 பிக்சல்களை மட்டும் பயன்படுத்தினார்கள்.

இனி அத்தியாயத்துக்கு வருகிறேன். டிடெக்டரின் திறன் (விழுந்தவற்றில் எண்ணப்படும் பங்கு) 95% ஆக இருந்தாலும் 60% ஆக இருந்தாலும் நிறைக்கு ஒன்றும் ஆகாது. தரவோடு கோட்பாட்டு வளைவைப் பொருத்தும்போது ஒட்டுமொத்த உயரம் ஒரு கட்டற்ற அளவுரு. ஒரு பிக்சல் சோம்பேறி, இன்னொன்று சுறுசுறுப்பு என்றாலும் அப்படியே. மெதுவாக நாள்போக்கில் தேய்ந்தாலும் பெரிதில்லை. ஒரு சுற்று அளவீடு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஒரு சுற்றில் மின்னழுத்தத்தை ஏற்றி அடுத்ததில் இறக்குகிறார்கள். தேய்மானம் பெரும்பாலும் கழிந்துவிடும்.

கழியாதது ஒன்றே ஒன்று: தடை மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறும் திறன். சல்லடையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எண்ணுபவரும் கொஞ்சம் மாறிவிட்டால் என்ன ஆகும்? அது மூன்று வழிகளில் நடக்கிறது.

முதலாவது, எண்ணும் சாளரம். சில்லில் விழும் எல்லாத் துடிப்பையும் எண்ணுவதில்லை. தடையைத் தாண்டிய எலக்ட்ரானுக்குக் கடைசியில் 10 கிலோவோல்ட் பின்முடுக்கம் கொடுப்பதால் சில்லில் அது 28.6 கி.எ.வோ. அருகில் விழுகிறது. பின்னணி குறைவான இடத்துக்குச் சிகரத்தை நகர்த்தும் உத்தி இது. முதல் அளவீட்டில் 14-க்கும் 32 கி.எ.வோ.வுக்கும் இடைப்பட்டதை மட்டும் எண்ணினார்கள். சிகரத்தின் கீழ்ப்பக்கம் நீண்ட வால் இருக்கிறது. சில்லின் மேற்பரப்பில் நூறு நானோமீட்டர் அளவிலான செயலற்ற அடுக்கில் ஆற்றல் தொலைவதும் மோதிய எலக்ட்ரான் திரும்பத் துள்ளுவதும்தான் அந்த வாலுக்குக் காரணம். தடை மின்னழுத்தத்தை 40 வோல்ட் இறக்கினால் கடந்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலும் அத்தனை இறங்கும், சிகரமும் வாலும் இடப்பக்கம் நகரும், சாளரத்தின் கீழ்விளிம்பில் கொஞ்சம் வெளியே வழியும். வாலின் அடர்த்தி அங்கே ஒரு கி.எ.வோ.வுக்கு அரை சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 40 எ.வோ. நகர்வுக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு எண்ணிக்கை தொலையும்.

இரண்டாவது, பைல்-அப். இரண்டு எலக்ட்ரான்கள் மின்னணுச் சுற்றின் ஓரிரு மைக்ரோவிநாடிக்குள் ஒரே பிக்சலில் விழுந்தால் 57 கி.எ.வோ. துடிப்பு ஒன்றாகத் தெரியும். அது சாளரத்துக்கு வெளியே, ஆக இரண்டுமே போயின. இது எண்ணிக்கை விகிதத்தைச் சார்ந்தது, விகிதமோ மின்னழுத்தத்தைச் சார்ந்தது. ஆனால் நிறை அளவீட்டில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். தேன்சிட்டு சொன்ன எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 259 நாள் என்பது 2.24 கோடி விநாடி, எலக்ட்ரான் 3.6 கோடி. முழுச் சில்லுக்கும் சராசரி விநாடிக்கு 1.6. ஒரு பிக்சல் அடுத்த எலக்ட்ரானுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கிறது.

மூன்றாவது, பின்சிதறல். அதுதான் எனக்குப் பிடித்தது. இரவு எழுதுகிறேன்.

#5 — குறைகடத்தி

சிலிக்கனில் மோதும் எலக்ட்ரான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று திரும்பத் துள்ளுகிறது. சாதாரண டிடெக்டரில் அது போனது போனதுதான். இங்கே அப்படியில்லை. வந்த வழியே கிளம்பும் எலக்ட்ரானிடம் 10 கி.எ.வோ.கூட மிச்சமில்லை என்றால் பின்முடுக்க மின்முனையே திருப்பி அனுப்பிவிடும். அதைத் தாண்டியதற்கு எதிரே காந்தம் நிற்கிறது. டிடெக்டர் இருக்கும் இடத்தில் 2.5 டெஸ்லா, அடுத்த காந்தத்தில் 4.2. சாய்வாகக் கிளம்பியவை இந்தக் காந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். அதிலும் தப்பி நிறமாலைமானிக்குள் போனால் அங்கே அதே தடை மின்னழுத்தம் இந்தப் பக்கத்திலிருந்தும் சுவராக நிற்கிறது. மோதலில் ஆற்றல் இழந்துவிட்டதால் பெரும்பாலும் ஏற முடியாது. மறுபடியும் சில்லுக்கே வந்து சேரும். பந்தைச் சுவரில் அடித்து விளையாடுவதுபோல, இரண்டு மூன்று தடவை விழுந்து, எல்லாத் துண்டும் மைக்ரோவிநாடிக்குள் சேர்ந்தால் ஒரே துடிப்பாகிவிடும். ஒவ்வொரு விழுகைக்கும் செயலற்ற அடுக்குக்கு இருமுறை வரி கட்டுவதால் வால் மட்டும் நீளும்.

திரும்பி வரத் தாமதமாகி இரண்டு துடிப்பாகப் பதிவானால் இரட்டை எண்ணிக்கை ஆகாதா என்று கேட்பீர்கள். மொத்தம் இருப்பது 28.6. இரண்டு துண்டும் 14-க்கு மேல் இருக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்து, வரியும் கட்டாமல் இருக்க வேண்டும். சாளரத்தின் கீழ்விளிம்பு இந்த இடத்தில் காவல்காரர் வேலை பார்க்கிறது.

மின்னழுத்தம் எங்கே நுழைகிறது? தடையைத் தாண்டும்போது 30 எ.வோ. மிச்சம் வைத்திருந்த எலக்ட்ரான், சில்லில் மோதி 30-க்கும் குறைவாகவே இழந்து துள்ளினால், தடையை எதிர்ப்பக்கமாகத் தாண்டி மூலத்தை நோக்கிப் போய்விடும். தடையை இறக்க இறக்க மிச்சம் கூடும், ஓட்டை பெரிதாகும். நல்ல வேளையாக, ஆற்றலே இழக்காததுபோலத் துள்ளுபவை மிகச் சிலவே. 40 எ.வோ. அகலத்துக்குள் இது சிறிய திருத்தம்.

#6 — தேன்சிட்டு

அண்ணா, மிக்க நன்றி. சல்லடையைக் கருத்தரங்கில் அப்படியே திருடிக்கொள்கிறேன். ஒரே சந்தேகம்: பத்தாயிரத்தில் இரண்டு என்பது பெரியதா, சிறியதா? எதோடு ஒப்பிடுவது?

#7 — கணக்கன்

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே பலர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

எல்லை ஆற்றலுக்கும் தடைக்கும் உள்ள இடைவெளியை 'இ' என்றும் நியூட்ரினோ நிறையை 'நி' என்றும் எழுதுகிறேன். நிறை இல்லாவிட்டால் எண்ணிக்கை இ³ போலப் போகும். சிறிய நிறை இருந்தால் அதிலிருந்து ஒன்றரை மடங்கு நி² பெருக்கல் இ கழியும். ஆக, சார்பு மாற்றம் 1.5 நி² / இ². நி 0.45 என்றால் நி² 0.2. பத்து எ.வோ. இடைவெளியில் மாற்றம் ஆயிரத்தில் மூன்று. நாற்பதில் பத்தாயிரத்தில் இரண்டுக்குச் சற்றுக் கீழே. குறைகடத்தி சொன்ன எண்ணும் இதுவும் அக்கம்பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள்.

அதற்கு முன் அவருடைய எண்ணில் ஒரு திருத்தம். தடையை 40 வோல்ட் இறக்கினால் எலக்ட்ரான்களின் ஆற்றல் 40 இறங்கும் என்றார். அது தடையை ஒட்டியபடி வருபவைக்குத்தான் பொருந்தும். வருபவை தடைக்கும் எல்லைக்கும் நடுவே பரவியிருக்கின்றன, தடைப்பக்கம் கூட்டம் அதிகம். தடைக்கு மேலே அவற்றின் சராசரி மிச்சம் இடைவெளியில் கால் பங்கு. ஆகவே சராசரி ஆற்றல் இறங்குவது முக்கால் பங்கு, அதாவது 30. அவருடைய வால் அடர்த்தியையே வைத்துக்கொண்டால் 1.5 வரும், 2 அல்ல.

இப்போது அசல் விஷயம். பொருத்தத்தில் நான்கு அளவுருக்கள் கட்டற்றவை: பின்னணி, உயரம், எல்லை ஆற்றல், நி². பின்னணி ஒரு மாறிலி. உயரம் இ³. எல்லை ஆற்றலைச் சற்று நகர்த்தினால் முன்னிற்பது இ². நிறை இ. அதாவது நாம் செய்வது மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவைப் பொருத்தம்தான், பெயர்தான் பெரிது. டிடெக்டர் திறன் இடைவெளியோடு நேர்கோடாகக் குறைந்தால் கூடுதலாக வருவது இ⁴. நான்காம் படியை மூன்றாம் படிக்குள் திணித்தால் ஒவ்வோர் உறுப்பும் கொஞ்சம் விழுங்கும். 0 முதல் 40 வரையான வரம்பை 1-ஆகச் சுருக்கிக்கொண்டு செபிஷேவ் வழியில் (மிகப் பெரிய விலகல் முடிந்தவரை சிறிதாகும்படி) திணித்தால்

இ⁴ ≈ 2இ³ − 1.25இ² + 0.25இ − 1/128

என்று வரும். இ³-ஐ உயரம் விழுங்கிவிட்டது, யாருக்கும் நட்டமில்லை. இ²-ஐ எல்லை ஆற்றல் விழுங்கியது. 0.25இ நிறையின் தட்டில் விழுகிறது. 40 எ.வோ.வில் பத்தாயிரத்தில் 1.5 என்ற சரிவைப் போட்டால் நி² ஏறத்தாழ 0.04 எ.வோ.² தள்ளிப்போகும்.

2025 முடிவில் நி²-இன் மதிப்பு −0.14, பிழை மேலே 0.13, கீழே 0.15. அதோடு ஒப்பிட்டால் 0.04 சும்மா விட்டுவிடக்கூடிய எண் அல்ல. திருத்தினால் காணாமல் போகும் எண். அந்த அத்தியாயம் பக்கம் நிரப்புவதற்கல்ல, ஐயா.

பின்குறிப்பு: எல்லாப் புள்ளிக்கும் சம எடை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. உண்மையில் எல்லையை ஒட்டிய புள்ளிகளுக்கு எடை கூடுதல், எண் குறையும்.

#8 — முள்ளம்பன்றி

ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஆனால் ஓர் ஓரத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறீர்கள். இந்தச் சோதனையை வாட்டியது டிடெக்டர் அல்ல, நிறமாலைமானியின் பின்னணி. விநாடிக்கு 0.01 எண்ணிக்கை என்று திட்டமிட்டார்கள், வந்தது 0.2-க்கு மேல். கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈயம்-210 தொடரின் சிதைவு, சுவரிலிருந்து கிளர்ச்சியுற்ற அணுக்களை உதைத்து விடுகிறது. அறை வெப்பத்தின் கதிர்வீச்சே அவற்றை அயனியாக்க, எலக்ட்ரான் கிடைக்கிறது. அந்த எலக்ட்ரானும் தடை மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்டு டிடெக்டருக்கு வரும்போது உண்மையான சமிக்ஞையைப் போலவே 28 கி.எ.வோ.வில் விழுகிறது. உங்கள் மங்கல் கண் எண்ணுபவரால் பிரிக்கவே முடியாது. இதுதான் டிடெக்டரின் பெரிய குறை, நீங்கள் சொன்ன மூன்றும் அல்ல.

#9 — குறைகடத்தி

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்ணுபவருக்குக் கூர்மையான கண் கொடுத்தாலும் பயனில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ஆற்றலில் விழுகின்றன. அதனால்தான் தடை அதிகமாக இருக்கும் தளத்தையே டிடெக்டர் பக்கமாக நகர்த்தினார்கள். அந்தத் தளத்துக்குப் பின்னால் உள்ள கொள்ளளவில் பிறந்தவை மட்டுமே டிடெக்டருக்கு வரும், கொள்ளளவு சுருங்கினால் பின்னணியும் சுருங்கும். பாதியானது. அதற்குக் கொடுத்த விலை, புலம் இன்னும் ஒழுங்கற்றதாகிப் பிக்சல்களை 14 குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித் தடை மதிப்புப் போட வேண்டியதாயிற்று. முன்னே நீங்கள் கேலி செய்த 148 பிக்சல் இல்லாவிட்டால் இந்த உத்தியே நடந்திருக்காது.

#10 — நடுநிசி

இழையைப் படித்துவிட்டு என் பழைய காயம் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மாணவனாக இருந்தபோது சிலிக்கன் டிடெக்டரோடு ஒரு பீட்டா மூலத்தை வைத்து வாரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தோம். விகிதம் பகலில் சற்று ஏறும், இரவில் இறங்கும். நான்காவது வாரம் எங்களுக்கு ஆசை துளிர்விட்டது. வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோர் மனத்திலும் 'புதிய இயற்பியல்'தான்.

ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முன்பெருக்கிப் பெட்டியின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். "பல்ஸர் சிகரத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். பல்ஸர் என்பது மாறாத உயரத்தில் சோதனைத் துடிப்பு அனுப்பும் கருவி. அதன் பதிவு கோப்பில் இருந்தது, நாங்கள் திறந்ததே இல்லை. 400-ஆம் சேனலில் நிற்க வேண்டிய சிகரம் இரவில் 397, பகலில் 400. இரவில் அறையின் குளிர்சாதனத்தை யாரோ தாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பெருக்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக நகர்ந்தது, சாளரத்தின் கீழ்விளிம்போ வாலின் செங்குத்தான இடத்தில் இருந்தது. அவ்வளவுதான் எங்கள் புதிய இயற்பியல். சுவரிலிருந்து தாளைக் கழற்றும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது நினைவிருக்கிறது.

#11 — நாட்குறிப்பு

நடுநிசி, உங்கள் தாள் சுவரோடு நின்றது. ஒரு தாள் உலகம் சுற்றிய கதை உண்டு.

1985-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜான் சிம்ப்சன், சிலிக்கன் டிடெக்டருக்குள்ளேயே ட்ரிட்டியத்தைப் பதித்து நிறமாலை எடுத்தார். எல்லையிலிருந்து 17 கி.எ.வோ. கீழே ஒரு முறிவு (வளைவு சட்டென மடங்கும் இடம்) தெரிந்தது. எலக்ட்ரான் நியூட்ரினோவோடு 3% அளவில் கலந்த 17 கி.எ.வோ. கனமான நியூட்ரினோ இருக்கிறது என்பது பொருள். காந்த நிறமாலைமானி வைத்திருந்தவர்கள் தேடினார்கள், ஒன்றும் இல்லை. குறைகடத்தி டிடெக்டர் வைத்திருந்த சிலர் தேடினார்கள், அவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் 3% அல்ல, 1% அளவில். 1991-இல் ஆக்ஸ்போர்டில் கந்தகம்-35 கொண்டு எடுத்த அளவீடு மிகவும் கச்சிதமாக இருந்ததால் சந்தேகக்காரர்களும் அசைந்தார்கள்.

யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்ற பிரிவு கருவியின் வகையோடு ஒத்துப்போனதே, அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். கடைசியில் ஆக்ஸ்போர்டு அளவீட்டுக்குக் கிடைத்த விளக்கம் சாதாரணமானது. மூலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவே எலக்ட்ரான்களை ஒழுங்குபடுத்த வைத்திருந்த தடுப்புத் துளையின் விளிம்பில் பட்டுச் சிலவை ஆற்றல் இழந்தன. அந்தச் சிதறல் கணக்கில் சேரவில்லை. சேர்த்ததும் முறிவு மறைந்தது.

எனக்கு இதில் பிடித்த பகுதி 1993-இல் ஆர்கோன் தேசிய ஆய்வகக் குழு செய்தது. 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று சொன்னால் 'உங்கள் கருவிக்குக் கண் தெரியாது' என்பார்கள் அல்லவா? அவர்கள் கந்தகம்-35 மூலத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் கார்பன்-14 கலந்தார்கள். கந்தகத்தின் எல்லை 167 கி.எ.வோ., கார்பனுடையது 156. கலவையில் 156-இல் ஒரு செயற்கை முறிவு வரவேண்டும். வந்தது, கலந்த அளவையும் சரியாகக் காட்டியது. 17 கி.எ.வோ. முறிவு மட்டும் வரவில்லை. பொய்ச் சாட்சியை ஒரு முறை கூண்டில் ஏற்றி, கருவி அதைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பெழுதினார்கள்.

#12 — தேன்சிட்டு

எனக்கு இப்போது ஒரு குழப்பம். சிம்ப்சனின் அளவீட்டில் சல்லடை இல்லை. டிடெக்டரே ஆற்றலை அளந்தது. அப்படியானால் என் முதல் கேள்வியில் இருந்த பயம் அங்கே நியாயமானதுதானே?

#13 — குறைகடத்தி

முழுக்க நியாயம். அந்தப் பயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்ரினின் அடுத்த கட்டத்துக்கு அதுதான் வேண்டும்.

நிறை அளவீட்டுக்குப் பிறகு அதே கட்டடத்தில் ட்ரிஸ்டன் என்ற புதிய டிடெக்டரை வைத்து, கி.எ.வோ. அளவில் கனமான மலட்டு நியூட்ரினோவை (மற்ற நியூட்ரினோக்களோடு கலப்பதைத் தவிர வேறு வினை புரியாத, இன்னும் கண்டுபிடிக்கப்படாத வகை) தேடுவதுதான் திட்டம். தடையை வெகுவாக இறக்கி நிறமாலையின் பெரும்பகுதியைச் சில்லில் கொட்டுவார்கள். சல்லடைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மணியின் பருமனை இனி எண்ணுபவரே சொல்ல வேண்டும். தேடுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலப்பு உண்டாக்கும் முறிவை. 148 பிக்சலுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் அறுகோணங்கள், ஒரு தொகுதிக்கு 166, முதலில் ஒன்பது தொகுதிகள். சிலிக்கன் டிரிஃப்ட் வகை. 20 கி.எ.வோ.வில் 300 எ.வோ. பிரிதிறன் இலக்கு.

நிறை அளவீட்டில் நான் ஓரமாகத் தள்ளிய எல்லாம் இங்கே நடுக்கூடத்துக்கு வருகின்றன. பைல்-அப்பையே பாருங்கள். பிக்சலுக்கு நிமிடத்துக்கு ஒன்று என்றேன். இங்கே விநாடிக்கு லட்சம். ஒரு மைக்ரோவிநாடிக்குள் இன்னொன்று விழ வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்து லட்சத்தில் ஒன்றைத் தேடும் இடத்தில் பத்தில் ஒன்று! பின்சிதறல் வாலின் வடிவம் ஆற்றலுக்கு ஆற்றல் மாறும். அறுகோணங்களின் எல்லைக்கோட்டில் விழும் எலக்ட்ரானின் மின்னூட்டம் இரண்டு மூன்று பிக்சல்களுக்குப் பங்குபோகும்.

ஆனால் இவை எல்லாம் வழவழப்பானவை. நிறமாலையை வளைக்கும், முறிக்காது. முறிவைத் தேடுபவருக்கு வளைவு சகிக்கக்கூடியது. உண்மையில் நான் அஞ்சுவது அனலாக்கை டிஜிட்டலாக்கும் சில்லின் படிகளைப் பற்றி. ஒவ்வொரு படியும் ஒரே உயரம் என்று நம்புகிறோம். ஒரு படி அரை நூலளவு அகலமாக இருந்தால் அந்தச் சேனலில் எண்ணிக்கை கூடும், பக்கத்தில் குறையும். அது கூர்மையான அமைப்பு, அதுதான் முறிவு வேடம் போடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிக்சல்களின் பெருக்கம் வெவ்வேறாக இருப்பதால் ஒரே படி ஒவ்வொரு பிக்சலிலும் வெவ்வேறு ஆற்றலில் விழும், கூட்டும்போது மழுங்கும். பிக்சல்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதை நன்மை என்று சொல்ல வேண்டிய அபூர்வமான இடம் இது.

#14 — முள்ளம்பன்றி

டிடெக்டரே வேண்டாம் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே? எலக்ட்ரான் காந்தப்புலத்தில் சுற்றும்போது வெளியிடும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணைக் கேட்டு ஆற்றல் சொல்பவர்கள். அங்கே செயலற்ற அடுக்கு இல்லை, பின்சிதறல் இல்லை.

#15 — கணக்கன்

புராஜெக்ட் 8. ஏறத்தாழ ஒரு டெஸ்லாவில் 26 கிகாஹெர்ட்ஸ் அருகே முணுமுணுப்பைக் கேட்கிறார்கள். 2023-இல் ட்ரிட்டியத்தில் முதல் வரம்பு தந்தார்கள், 150 எ.வோ.வை ஒட்டி. வழி அழகானது. ஆனால் டிடெக்டர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ரேடியோ அலையை ஏந்திவரும் அலைவழிக் குழாயின் ஏற்புத்திறன் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும், அதிர்வெண்தான் அங்கே ஆற்றல். ஆற்றலோடு மாறும் திறன் என்ற பழைய வம்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

#16 — தேன்சிட்டு

கருத்தரங்கு முடிந்தது. கணக்கன் ஐயா சொன்ன சரிவைப் போட்டுப் போலித் தரவு உருவாக்கி, எடைகளோடு பொருத்திப் பார்த்தேன். உங்கள் 0.04 சற்றுக் குறைந்தது, ஆனால் குறி மாறிவிட்டது. எனக்கு எதிர்க்குறியில் வருகிறது. நிறை வர்க்கம் எதிர்க்குறியில் வந்தால் எங்கோ பெரிய தவறு என்றுதானே பொருள்?

#17 — நாட்குறிப்பு

1990-களின் தொடக்கத்தில் ட்ரிட்டியம் அளந்த குழுக்கள் வரிசையாக எதிர்க்குறி வெளியிட்டன. நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

#18 — கணக்கன்

போலித் தரவில் திறனை இடைவெளியோடு கூட்டினீர்களா, குறைத்தீர்களா? தடையை இறக்கினால் எண்ணிக்கை சாளரத்துக்கு வெளியே வழிய வேண்டும். குறைய வேண்டும்.

#19 — தேன்சிட்டு

கூட்டியிருக்கிறேன். நிரலின் 41-ஆம் வரியில் கழித்தல் குறி போடவில்லை. போட்டுவிட்டு ஓட்டினேன், நேர்க்குறியில் வருகிறது.